நெறி கட்டும் கலங்களும் துருசுப் பொறுப்பாளரும்

வயலுக்குள் வெறுங்காலோடு இறங்கிப் பழகியவர்களுக்கு நெறியைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. காலில் முள் ஏறும், இல்லாவிட்டால் மண்வெட்டி பட்டு விரலில் சின்னக் காயம் வரும். இரண்டு நாள் போகக் கவட்டில் ஒரு கட்டி உருளும். தொட்டால் நோகும். இலேசாகக் காய்ச்சலும் காயும். "நெறி கட்டியிருக்கு, காலைப் பார்" என்பார் அம்மம்மா. காயம் ஆற, நெறியும் தானாகக் கரைந்துவிடும். காயம் காலில் இருக்க வீக்கம் ஏன் கவட்டில் வருகிறது என்று சின்ன வயதில் நான் கேட்டதற்குக் கிடைத்த பதில், "நரம்பு இழுக்குது" என்பதுதான். காரணம் பிழை. ஆனால் நெறியைக் கண்டதும் காயத்தைத் தேடச் சொன்னாரே, அந்த வைத்தியம் சரி.

கவட்டில் வீங்குவது நிணநீர்க் கணு. காலில் நுழைந்த கிருமியின் துண்டுகள் நிணநீரோடு அங்கே வந்து சேர்கின்றன. அங்கே காத்திருக்கும் வெண்கலங்களில் சில அவற்றை அடையாளம் கண்டு விழித்து, பெருகத் தொடங்குகின்றன. ஒரு கலம் இரண்டாகும், இரண்டு நாலாகும், சில நாட்களில் ஆயிரக்கணக்காகும். நாம் விரலால் உருட்டிப் பார்ப்பது அந்தப் பெருக்கத்தைத்தான்.

நோகாத நெறி ஒன்றும் உண்டு. கழுத்திலோ கமக்கட்டிலோ வரும். காயம் எதுவும் இருக்காது, காய்ச்சல் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். வாரக்கணக்கில் கரையாமல் மெல்ல மெல்லப் பெருக்கும். நோகவில்லைத்தானே என்று ஆட்கள் விட்டுவிடுவார்கள். எல்லாம் ஆபத்தானவை இல்லை. காசநோயாலும் இப்படி வரும், வேறு காரணங்களாலும் வரும். ஆனால் அவற்றில் ஒரு பங்கு நிணநீர்ப் புற்றுநோய். அங்கே பெருகிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் முள் ஏறியபோது பெருகினவே, அதே வகைக் கலங்கள்தான். காயம் ஆறியதும் நின்றிருக்க வேண்டிய வேலை நிற்கவில்லை.

இந்த இரண்டு நெறிகளுக்கும் நடுவில் நிற்கும் ஒரு ஜீனைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதன் பெயர் பி.ரி.கே. 'புரூட்டனின் தைரோசின் கைனேஸ்' என்பதன் சுருக்கம். சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை: இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவன் நான், கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். தமிழ்நாட்டு வாசகர் 'செல்' என்பதை நாங்கள் கலம் என்போம். ஆன்டிபாடி எங்களுக்குப் பிறபொருளெதிரி. மரபணுவுக்கு எங்கள் புத்தகம் சொல்வது பரம்பரையலகு. அது இந்தக் கட்டுரைக்குச் சற்றுப் பாரமான சொல், ஆகவே ஜீன் என்றே எழுதுகிறேன்.

வெண்கலங்களில் பல வகை. நமக்கு இங்கே வேண்டியது பி கலம், அதாவது பிறபொருளெதிரி செய்யும் கலம். ஒவ்வொரு பி கலத்தின் மேற்பரப்பிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் வாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கலத்தில் உள்ள வாங்கிகள் எல்லாம் ஒரே அச்சு. அடுத்த கலத்தில் வேறு அச்சு. தன் அச்சுக்குப் பொருந்துகிற கிருமித்துண்டு வந்து ஒட்டும்வரை பி கலம் சும்மா சுற்றித் திரியும். பெரும்பாலானவை ஒன்றும் ஒட்டாமலே செத்துப்போகும்.

சரி, ஒட்டிவிட்டது என்று வைப்போம். வாங்கி இருப்பது கலத்தின் தோலில். பெருகு, பிறபொருளெதிரி செய் என்ற முடிவு எடுக்கப்படுவது உள்ளே, கருவில். தோலில் தட்டிய சத்தம் கருவுக்கு எப்படிக் கேட்கிறது? மாணவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் இடம் இது. புத்தகமும் 'சமிக்ஞை கடத்தப்படும்' என்ற ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. எனக்குக் கைகொடுத்தது இரணைமடுக் குளம்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுவது எப்படி என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கனகராயன் ஆறு கொண்டுவந்த தண்ணீர் குளத்தில் நிற்கிறது. வயல் காய்ந்திருக்கிறது என்பதற்காக யாரும் ஓடிப்போய்த் துருசை, அதாவது குளத்து மதகை, திறக்க முடியாது. கூட்டம் கூட வேண்டும், கமக்காரர் அமைப்புகள் பேச வேண்டும், இத்தனை ஏக்கர், இன்ன திகதி என்று முடிவாக வேண்டும். அந்த முடிவு எழுத்தில் இறங்கி, நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போய், கடைசியில் துருசுக்குப் பொறுப்பான ஆளின் கைக்கு வர வேண்டும். அவர் திறந்த பிறகுதான் வாய்க்காலில் தண்ணீர். தண்ணீர் எந்நேரமும் குளத்தில்தான் இருந்தது. வர வேண்டியிருந்தது உத்தரவு மட்டுமே.

பி கலத்துக்குள்ளும் ஒரு குளம் உண்டு. அதில் தேங்கி நிற்பது கல்சியம். அகக்கலவுருச் சிறுவலை என்று நாங்கள் படிப்பிக்கும் பையமைப்புதான் குளக்கட்டு. கல்சியம் வெளியே பாய்ந்தால் கலம் விழிக்கும். வாங்கியில் கிருமித்துண்டு ஒட்டியதும் லின், சிக் என்ற இரண்டு நொதியங்கள் முதலில் கிளம்புகின்றன. இவை செய்வது ஒரே வேலை: பக்கத்துப் புரதத்தில் ஒரு பொசுபேற்றைக் கொண்டுபோய் ஒட்டுவது. கைனேஸ் என்ற பெயருக்குப் பொருள் அதுதான். பொசுபேற்று ஒட்டியது என்றால் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதே நேரத்தில் இன்னொரு நொதியம் கல மென்சவ்வின் உட்புறத்தில் ஒரு கொழுப்பு மூலக்கூறை மாற்றி, "இங்கே வந்து நில்" என்ற அடையாளத்தைப் போடுகிறது.

நமது பி.ரி.கே. அதுவரை கலத்தின் குழியவுருவில் சுருண்டு கிடக்கிறது. அடையாளத்தைக் கண்டதும் மென்சவ்வில் போய் ஒட்டுகிறது. அங்கே அதன் 551ஆம் இடத்தில் உள்ள தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் கையெழுத்து விழுகிறது. சுருள் விரிகிறது. விரிந்த பி.ரி.கே. அடுத்த ஆளை எழுப்புகிறது. அந்த அடுத்த ஆள் ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டுகிறார். வெட்டுண்ட துண்டுகளில் ஒன்றுதான் கல்சியக் குளத்தின் திறப்பு. துருசு திறக்கிறது, கல்சியம் பாய்கிறது. மற்றத் துண்டு காட்-11 என்ற புரதத்தின் கூட்டத்தை விழிக்கச் செய்ய, அதுவரை கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு தூதுவன் கருவுக்குள் நுழைகிறான். பெருகு, சாகாதே, பிறபொருளெதிரி செய் என்று ஜீன்கள் வாசிக்கப்படுகின்றன. இவ்வளவும் தொடங்கச் சில நிமிடங்கள் போதும். கூட்டம் வைத்துத் தண்ணீர் திறக்க எங்களுக்கு வாரக்கணக்காகிறது என்பதை மாணவர்கள் உடனே சுட்டிக்காட்டுவார்கள்.

திறப்பதற்கு ஆள் இருப்பதுபோல் அடைப்பதற்கும் ஆள் உண்டு. "இங்கே வந்து நில்" என்ற அந்தக் கொழுப்பு அடையாளத்தை அழித்துக்கொண்டு திரியும் நொதியங்கள் இருக்கின்றன. அடையாளம் அழிந்தால் பி.ரி.கே. நிற்க இடமில்லாமல் விலகும், துருசு அடைபடும், நெறி கரையும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியில் இருந்தவர்களுக்குத் திறந்த கதவைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை. உடலில் முக்கால்வாசி வியாதி 'திறக்கவில்லை' அல்லது 'அடைக்கவில்லை' என்ற இரண்டுக்குள் அடங்கும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்.

இனித் திறக்காத துருசின் கதை. 1952இல் அமெரிக்காவின் வோல்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் ஒக்டன் புரூட்டன் என்ற குழந்தை வைத்தியர் ஓர் எட்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். நாலு வருடத்தில் 19 தடவை இரத்தத்தில் கிருமி ஏறிப் படுத்தவன் அவன். பெனிசிலின் கொடுத்தால் எழும்புவான், திரும்பவும் விழுவான். அவனுடைய இரத்தப் புரதங்களை அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த மின்புலக் கருவியில் பிரித்துப் பார்த்தபோது, எல்லோரிடமும் இருக்கும் காமா குளோபியூலின் என்ற பகுதியே அவனிடம் இல்லை. பிறபொருளெதிரிகள் இருப்பது அந்தப் பகுதியில்தான். புரூட்டன் மற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபியூலினை மாதாமாதம் தோலின் கீழ் ஏற்றினார். பையனுக்கு அடிக்கடி வந்த அந்த நோய் நின்றது.

அவனிடம் அது ஏன் இல்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது. பி கலம் என்ற சொல்லே இன்னும் பிறக்கவில்லை. அந்தச் சொல் கோழியிடமிருந்து வந்தது. கோழியின் மலவாய்க்கு மேலே ஒரு சின்னப் பை உண்டு. ஃபப்ரீசியஸ் என்ற பழைய இத்தாலிய உடற்கூற்றியலாளரின் பெயரால் அதை ஃபப்ரீசியஸின் பர்சா என்பார்கள். அது எதற்கு என்று நூற்றாண்டுக்கணக்காக யாருக்கும் பிடிபடவில்லை. ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அதை வெட்டி எடுத்துக் கோழிகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிகளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வகுப்பில் பிறபொருளெதிரி உருவாவதைச் செய்துகாட்டுவதற்காக ரிமத்தி சாங் என்ற சக மாணவர் அவரிடம் கோழிகள் வாங்கிக்கொண்டு போனார். செய்துகாட்டல் பிழைத்துப்போனது, கோழிகளில் பிறபொருளெதிரி உருவாகவில்லை. போனவை பர்சா வெட்டிய கோழிகள். 1956இல் அவர்கள் இதை எழுதியபோது பெரிய சஞ்சிகை ஒன்று வேண்டாம் என்றுவிட, கோழி வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில்தான் வெளிவந்தது. பர்சாவின் முதலெழுத்துத்தான் பி கலத்தின் 'பி'. நமக்குப் பர்சா இல்லை, அந்த வேலையை என்பு மச்சை பார்க்கிறது. வீட்டில் ஊர்க்கோழி உரிக்கும்போதெல்லாம் அந்தப் பையை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைப்பேன். இன்னும் காட்டவில்லை.

1993இல்தான் காரணம் பிடிபட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே தேடி ஒரே ஜீனில் வந்து முட்டின. எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கும் அந்த ஜீனுக்கு புரூட்டனின் பெயரையே வைத்தார்கள். அது பழுதானால் என்பு மச்சையில் வளரும் இளம் பி கலம் அடுத்த வகுப்புக்கு ஏறும் நேரத்தில் "இரு, சாகாதே" என்ற உத்தரவு கிடைக்காமல் அங்கேயே செத்துவிடுகிறது. இரத்தத்தில் பி கலமே இராது. நெறியும் கட்டாது. ரோச் அடித்து வாய்க்குள் பார்த்தால் டொன்சில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் டொன்சிலின் பெரும்பகுதி பி கலங்கள்தான். அடிக்கடி காது சீழ் வடிகிற, நியூமோனியா வருகிற ஒரு பையனின் வாய்க்குள் டொன்சிலைத் தேடுவது செலவில்லாத ஒரு பரிசோதனை.

பிறந்து முதல் ஆறு மாதம் அந்தப் பையன் சுகமாகவே இருப்பான், தாயிடமிருந்து கொப்பூழ்க்கொடி வழியாக வந்த பிறபொருளெதிரிகள் காவல் நிற்பதால். அவை தீர்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். எக்ஸ் நிறமூர்த்தம் என்பதால் நோய் கிட்டத்தட்ட எப்போதும் ஆண்பிள்ளைகளுக்கே. தாய்க்கு ஒன்றும் இராது. அதற்குக் காரணம் அழகானது. பெண்ணின் ஒவ்வொரு கலமும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். பழுதான எக்ஸைப் பிடித்துக்கொண்ட பி கலங்கள் மச்சையிலேயே மடிந்துவிட, நல்ல எக்ஸைப் பிடித்தவை மட்டும் வெளியே வரும். தாயின் உடம்பே களை பிடுங்கிவிடுகிறது.

ஆகவே வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி தகப்பன் பக்கத்தைப் பற்றியது இல்லை. தாய்மாமனைப் பற்றியது. "உங்கட தமையன், தம்பி யாரும் சின்ன வயதில் காய்ச்சலில் தவறினவையோ?" வன்னியில் இந்தக் கேள்விக்கு விடை எடுப்பது கடினம். இடம்பெயர்ந்து, திரும்பி, மீண்டும் இடம்பெயர்ந்து, பதிவேடுகளும் மருத்துவ அட்டைகளும் எங்கெங்கோ தொலைந்துபோன குடும்பங்கள் இவை. 90களில் பதுங்கு குழிக்குப் பக்கத்தில் காய்ச்சலில் போன ஒரு தம்பியின் மரணத்துக்கு யார் காரணம் எழுதி வைத்தார்கள்? காய்ச்சல் என்றால் மலேரியா என்றுதான் நினைத்திருப்பார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருந்திருக்கும். ஏறத்தாழ 2 இலட்சம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவிலான அரிய நோய் இது, எல்லா மாமன்மாரையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் ஜீனில் புதிதாக ஒரு விகாரம், அதாவது மாற்றம், தோன்றிப் பிறக்கும் பையன்களும் கணிசமானவர்கள், ஆகவே மாமனின் கதை இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வாயில் விடும் உயிருள்ள போலியோச் சொட்டு கொடுக்கக் கூடாது. பலவீனமாக்கிய அந்த வைரசையே அவனால் விரட்ட முடியாது.

புற்றுநோய்க் கதை இந்தப் பையன்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர்களுக்கு இதயம் ஒழுங்காக அடிக்கிறது, ஈரல் வேலை செய்கிறது, மூளை வளர்கிறது. வைரசோடு போராடும் ரி கலங்களும் இருக்கின்றன. ரி கலங்கள் இதே வேலைக்குப் பி.ரி.கே.யின் உறவுக்காரனான ஐ.ரி.கே. என்ற வேறோர் ஆளை வைத்திருக்கின்றன. பிறந்ததிலிருந்து பி.ரி.கே. இல்லாமலே ஒரு மனிதன் வாழலாம், பிறபொருளெதிரியை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் போதும். அப்படியென்றால் பி கலமே புற்றுநோயான ஒருவரில் பி.ரி.கே.யை வேண்டுமென்றே முடக்கினால்? பெரும்பாலான மருந்துகளுக்கு இப்படி ஒரு முன்னோட்டம் கிடைப்பதில்லை. இயற்கை ஏற்கெனவே செய்துவைத்த பரிசோதனை இது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பையன்களும் அவர்களுடைய தாய்மாரும்.

இங்கே ஒரு பிழையான எண்ணத்தைத் திருத்திவிட வேண்டும், நானும் முன்பு வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். புற்றுநோயில் பி.ரி.கே. ஜீன் உடைந்து திறந்தபடி நிற்கிறது என்பது சரியில்லை. நாட்பட்ட நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோயிலும், பல நிணநீர்ப் புற்றுநோய்களிலும் அந்த ஜீன் நன்றாகவே இருக்கிறது. துருசுப் பொறுப்பாளர் கையூட்டு வாங்கவில்லை, தூங்கவுமில்லை. மேலேயிருந்து "திற, திற" என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கிறது, அவர் திறந்துகொண்டே இருக்கிறார். உத்தரவு எங்கேயிருந்து? சில புற்றுக்கலங்களின் வாங்கி கிருமியை விட்டுவிட்டு நமது உடலின் பொருளையே பிடித்துக்கொள்கிறது. சிலவற்றில் ஒரு வாங்கி பக்கத்து வாங்கியையே பிடித்துக்கொள்கிறது. வேகமாகப் பரவும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயில் வாங்கியோடு சேர்ந்த சி.டி.79பி என்ற பகுதியில் விகாரம் விழுந்திருக்கும். மூன்றிலும் முடிவு ஒன்றுதான். காயம் இல்லாமலே நெறி.

அப்படியென்றால் துருசுக்குக் கீழே கோளாறு இருந்தால்? முன்பு சொன்ன காட்-11 ஜீனில் விகாரம் விழுந்த புற்றுநோய்கள் உண்டு. அங்கே பி.ரி.கே.யை முடக்குவதால் பயன் இல்லை. துருசை இறுக்கி அடைத்துவிட்டோம், ஆனால் கீழே ஒருவர் மோட்டர் வைத்து ஆற்றுத் தண்ணீரை நேராக வாய்க்காலுக்குள் இறைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே பெயருள்ள புற்றுநோய் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு மருந்து கேட்பதும் மற்றவருக்குக் கேட்காததும் ஏன் என்பதற்கு விதியைவிட நல்ல விளக்கம் இது.

மருந்தின் கதை தற்செயலானது. மனித ஜீன் தொகுதியை வாசிப்பதில் பெயர்பெற்ற செலேரா என்ற அமெரிக்க நிறுவனத்தின் வேதியியலாளர்கள் பி.ரி.கே.யைப் பற்றி ஆராய ஒரு கருவியாகத்தான் அந்த மூலக்கூறைச் செய்தார்கள். அதை மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கும் எண்ணம் அப்போது முதன்மையாக இருக்கவில்லை. 2006இல் ஃபார்மசைக்ளிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் அதை வாங்கியது. தானாக நிணநீர்ப் புற்றுநோய் வந்த நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சிலவற்றின் கட்டிகள் சுருங்கின. 2013 நவம்பரில் இப்ரூட்டினிப் என்ற பெயரில் மாத்திரையாக, ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2014 பெப்ரவரியில் நாட்பட்ட நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோய்க்கும். அடுத்த வருடம் அந்தச் சின்ன நிறுவனம் ஏறத்தாழ 2,100 கோடி டொலருக்கு விலைபோனது.

மாத்திரை வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. பி.ரி.கே. 659 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதன் 481ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மாத்திரை அதைப் பிடித்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. உடலில் இப்படிக் கையெழுத்துப் போடும் கைனேஸ்கள் 500க்கு மேல் உண்டு. அவற்றில் அதே இடத்தில் சிஸ்டீன் உள்ளவை ஒரு பத்துத்தான். அதனால்தான் மாத்திரை மற்றவற்றைப் பெரும்பாலும் தொடாமல் போகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்லலாம். இதயத் துடிப்புத் தடுமாறுவதும் இரத்தம் இலகுவில் கசிவதும் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள். பிறகு வந்த அகலாப்ரூட்டினிப் (2017), சானுப்ரூட்டினிப் (2019) ஆகியவை இன்னும் குறி பார்த்துப் பிடிப்பதால் இதயத் தொல்லை குறைவு.

மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் நடப்பது முதலில் வைத்தியர்களையே குழப்பியது. கழுத்துக் கட்டி நாளுக்கு நாள் கரையும். ஆனால் இரத்தத்தில் புற்றுக்கலங்களின் எண்ணிக்கை ஏறும். நோய் கூடிவிட்டதா? இல்லை. கணுவுக்குள் ஒட்டிக்கொண்டு இருப்பதற்கும் பி.ரி.கே. வேண்டும். பிடி தளர்ந்ததும் கலங்கள் இரத்தத்துக்குள் கொட்டுகின்றன. காட்டுக்குத் தீ வைத்தால் பன்றியும் மானும் வயலுக்குள் ஓடி வருவதில்லையா, அதுபோல. வயலில் இத்தனை பன்றி என்று பார்த்தால் பெருகிவிட்டதுபோல் தோன்றும், உண்மையில் அவை இருக்க இடமில்லாமல் வந்தவை. கணுவின் ஆதரவில்லாமல் அவை மெல்லச் சாகும். இது தெரியாமல் இரத்தப் பரிசோதனை இலக்கத்தை மட்டும் பார்த்து மருந்தை நிறுத்தியிருந்தால் நல்ல மருந்து ஒன்று வீணாகியிருக்கும்.

மருந்து நோயை வேரோடு பிடுங்குவதில்லை. துருசை அடைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் பலர் வருடக்கணக்கில் எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் எடுக்கும்போது கலங்களும் வழி கண்டுபிடிக்கும். 481இல் உள்ள சிஸ்டீன் சேரின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாறிய கலங்கள் தப்பிப் பெருகும், மாத்திரைக்கு ஒட்ட இடமில்லை. வேறு சிலவற்றில் பி.ரி.கே. எழுப்ப வேண்டிய அந்த அடுத்த ஆள், உத்தரவு வராமலே திறப்புச் செய்யத் தொடங்கிவிடுகிறார். சிஸ்டீனை நம்பாமல் வேறு விதமாகப் பொருந்தும் பேர்ட்டோப்ரூட்டினிப் 2023இல் வந்தது. இப்ரூட்டினிப் முதலில் எந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றதோ, அந்த அனுமதியை அதே 2023இல் அமெரிக்காவில் நிறுவனமே திருப்பிக் கொடுத்தது. அந்த நோயில், பிறகு வந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பத்து வருடத்தில் ஒரு மருந்து புதினமாகி, பழசாகியும்விட்டது.

இதையெல்லாம் சொல்லி முடிக்க இங்கே வழக்கமாக வரும் கேள்வி ஒன்றுதான். "மருந்தடிச்சதால வந்ததோ?" எங்கள் ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும்போது சிக்கல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் லிண்டேன் என்ற பூச்சிநாசினியை நிணநீர்ப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியது. அதே வருடம் கிளைபோசேற்று என்ற களைநாசினியை 'உண்டாக்கக்கூடும்' என்ற அடுத்த படியில் வைத்தது, மனிதரில் அதற்கான சான்று மட்டுப்பட்டது என்றும் சொன்னது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அந்த முடிவோடு உடன்படவில்லை. அதே 2015இல் இலங்கை கிளைபோசேற்றைத் தடை செய்தது. அது சிறுநீரக நோய் பற்றிய பயத்தால் வந்த தடை, புற்றுநோயால் இல்லை, பிறகு அது தளர்த்தப்பட்டும் விட்டது. இதில் எதை வைத்தும் ஒருவரின் கழுத்துக் கட்டிக்கு அவர் முதுகில் சுமந்த ஸ்பிறேயர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்: காரணம் நிரூபணமாகும்வரை காத்திருந்து கையுறை போடுகிறவர் யாரும் இருக்கக் கூடாது. காற்றுக்கு எதிராக நின்று, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பதை ஒவ்வொரு போகத்திலும் பார்க்கிறேன், சொல்லியும் பார்க்கிறேன்.

நோகாத கட்டி உள்ள ஒருவர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ முதலில் போக வேண்டியது பொது வைத்தியசாலைக்குத்தான். கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற கதையை நம்பி அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புற்றுநோய் என்று வந்தால் வடக்கில் தெல்லிப்பளை வைத்தியசாலை, இல்லாவிட்டால் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம வைத்தியசாலை. தெல்லிப்பளைப் புற்றுநோய்ப் பிரிவுக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்தது நினைவிருக்கலாம். நடந்தவர்கள் எங்கள் ஏ9 வீதி வழியாகத்தான் வந்தார்கள். மருந்தின் விலை வேறு கதை. அமெரிக்க விலையில் இப்ரூட்டினிப் ஒரு வருடத்துக்கு ஒரு இலட்சம் டொலரைத் தாண்டும். இதை வாசிக்கும் யாரும் 'எங்களுக்கும் இந்த மாத்திரைதான்' என்று முடிவெடுத்துக்கொண்டு போக வேண்டாம். பழைய மருந்துகளாலேயே முற்றாகக் குணமாகும் நிணநீர்ப் புற்றுநோய்கள் பல உண்டு, எது எது என்பதைத் துண்டுப் பரிசோதனைதான் சொல்லும்.

இப்போது ஆய்வில் இருப்பது இன்னும் ஒரு படி மேலே. பி.ரி.கே.யின் கையைக் கட்டாமல், கலத்தின் குப்பை அகற்றும் பொறியிடம் அதையே பிடித்துக் கொடுத்துவிடும் மூலக்கூறுகளை மனிதரில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரிவந்தால் 70 வயது நோயாளி ஒருவரின் பி கலங்கள், பி.ரி.கே. இல்லாமல் பிறந்த பையனின் நிலைக்குக் கிட்டப் போகும். இப்போதே இந்தப் புற்றுநோய் உள்ள பலருக்கு, நோயாலும் மருந்தாலும், பிறபொருளெதிரி குறைந்துவிடுகிறது. நெஞ்சில் சளி பிடித்துத் திரும்பத் திரும்ப வார்ட்டுக்கு வருகிறவர்களுக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா நாளத்தில் இம்யூனோகுளோபியூலின் ஏற்றுவார்கள். அது இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று கிழமை ஆகும் என்பதுதான் அந்தக் கணக்கு. புரூட்டன் 1952இல் அந்த எட்டு வயதுப் பையனுக்கு ஊசியில் ஏற்றியதும் இதைத்தான், போத்தல்தான் மாறியிருக்கிறது.